பார்சல் ஓரத்தில் ஒரு கிள்ளு வல்லாரை

கலாராணி பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கோபத்தில் அல்ல, பயத்தில். "எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பித்து அடுத்த மூச்சில் "வயிறு ஒழுங்காப் போகுதா?" என்று கேட்டுவிடுவாள். அதுவும் அம்பிட்டிய பஸ்ஸில், நெரிசலுக்கு நடுவில், கண்டக்டர் கூடத் திரும்பிப் பார்க்கும் சத்தத்தில். கேட்பவளுக்கு வெட்கமில்லை. பதில் சொல்கிறவர்தான் நெளிய வேண்டும்.

அவள் உத்தியோகம் அப்படி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊரில் எல்லோருக்கும் பீ.எச்.ஐ. மிஸ். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்து, மலையிறங்கிப் பள்ளிக்கூடம் போய், பரீட்சை எழுதி அந்த வேலைக்கு வந்தவள். நாற்பத்திரண்டு வயது. கையில் ஒரு குடை, தோள்பையில் தடித்த ஒரு சீ.ஆர். கொப்பி, மழைக்காலமென்றால் காலில் முழங்கால்வரை றப்பர் சப்பாத்து. பதினாலு வருஷத்தில் அவள் எழுதி முடித்த கொப்பிகளை அடுக்கினால் ஒரு அலுமாரி நிரம்பும்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்பாள், ஆனால் கேட்டதை அப்படியே நம்பமாட்டாள். ஒருமுறை ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் சமையலறையைப் பளபளவென்று கழுவிவைத்து, "பாருங்க மிஸ், கண்ணாடி மாதிரி" என்றார். கலாராணி கண்ணாடியைப் பார்க்கவில்லை, எறும்பைப் பார்த்தாள். எறும்பு வரிசையாகப் போய் ஒரு அலுமாரிக்குப் பின்னால் மறைந்தது. அலுமாரியை நகர்த்தச் சொன்னாள். பின்னால் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் நான்கு நாள் பழைய இறைச்சி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர் அன்றிலிருந்து அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறார். வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. அப்பேர்ப்பட்டவளும் ஒரு தடவை சறுக்கினாள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

வைகாசி மழையோடு அம்பிட்டியவில் ஒரு வயிற்றோட்டம் வந்தது. வயிற்றோட்டம் என்றால் இரண்டு நாள் படுத்தும், மூன்றாம் நாள் போய்விடும். இது பத்து நாளாகியும் போகவில்லை. ஒருநாள் நின்றதுபோல் இருக்கும், மறுநாள் திரும்ப வரும். சோற்றைக் கண்டால் குமட்டல், நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு. கராஜில் வேலைசெய்யும் ஆட்களுக்குக் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு கிழமையில் கலாராணியின் கொப்பியில் முப்பத்தொரு பெயர் ஏறியது. அதில் இருபத்திரண்டு பேர் மத்தியானச் சோறு வாங்கியது ஒரே இடத்தில்: அங்கம்மாவின் பார்சல்.

அங்கம்மா புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். புருஷன் போனபின் மகளைக் கூட்டிக்கொண்டு அம்பிட்டியவுக்கு வந்து, சந்தியில் ஒரு சின்ன அறையை எடுத்து, சோத்துப் பார்சல் கட்டத் தொடங்கினாள். பன்னிரண்டு வருஷமாக அந்த ஒரு அடுப்பில்தான் இரண்டு உயிரும் மகளின் படிப்பும் நிற்கின்றன. தினமும் ஐம்பத்தைந்து பார்சல். கராஜ், உடுப்புக் கடை, டியூஷன் வகுப்பு என்று பதினொன்றரைக்கே எல்லாம் போய்விடும். கலாராணி மாதம் ஒருமுறை சோதிக்கப் போனால் குறையொன்றும் இருக்காது. பானை கவிழ்த்திருக்கும், துணி கொதித்திருக்கும். "கலா புள்ள, இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பாள் அங்கம்மா. ஊரில் எல்லோருக்கும் மிஸ்ஸாக இருந்தவளைப் புள்ள என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நடராஜாவும் அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர். ஆறு கிலோ இறங்கிவிட்டார். ஆள் மோசமில்லை, கோவில் காரியமென்றால் முன்னால் நிற்பவர். ஆனால் நோயில் கிடக்கிற மனிதனுக்கு யார்மேலாவது கோபப்படவேண்டும். பதினாலு கையெழுத்தோடு ஒரு பெட்டிசம் எழுதிச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பினார். "தோட்டத்திலிருந்து வந்த, சுத்தம் அறியாத ஒரு பெண்ணின் கையால்" என்று அதில் இருந்தது. கலாராணி அதையும் பொறுத்துக்கொண்டு படித்தாள். கடைசி வரிதான் அவளைத் தைத்தது. "பரிசோதகரும் அவரைப் போல லயத்து ஆள் என்பதால், விசாரணை பாரபட்சமில்லாமல் நடக்குமா என்பது எங்கள் சந்தேகம்."

அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள். படித்துவிட்டு அங்கம்மாவின் அறைக்குப் போனாள். "உங்களுக்கு வயித்தால போச்சா அக்கா?" என்று கேட்டாள். "ஆமா புள்ள, எனக்குந்தான். பத்துப் பன்னெண்டு நாளா" என்று அங்கம்மா ஒளிக்காமல் சொன்னாள். கலாராணிக்கு அது போதுமாக இருந்தது. சமைக்கிற ஆளுக்கே நோய். வேறென்ன வேண்டும்? அன்றைக்கே சுகாதார அலுவலக டொக்டரின் கையெழுத்தை வாங்கி, மறு அறிவித்தல்வரை அங்கே சமைக்கக்கூடாது என்ற கடதாசியோடு மறுநாள் காலை வந்து நின்றாள்.

முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் அங்கம்மாவின் சோற்றை வாயில் வைத்ததே இல்லை. அது கலாராணியின் கையெழுத்திலேயே கொப்பியில் இருந்தது. வேறொருவர் விஷயமென்றால் அந்த ஒன்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதை விளக்காமல் ஒரு கதவையும் மூடியிருக்கமாட்டாள். இது அங்கம்மா. தன் ஆளைக் காப்பாற்றினாள் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், தன் ஆளுக்கு மட்டும் ஒரு கண்டிப்பு. லயத்திலிருந்து படித்து மேலே வந்த பலருக்கும் இந்த வியாதி உண்டு. அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

அன்று மழை. ஈரக் கதவில் கோந்து பிடிக்கவில்லை. கடதாசி இரண்டுதரம் நழுவி விழுந்தது. அங்கம்மா அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வடித்த சோற்றில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து, ஒரு மூடியில் கொண்டுவந்து நீட்டினாள்.

"சோத்துப் பசை. இது பிடிக்குங்க, மிஸ்."

மிஸ் என்ற சொல் கலாராணியின் காதில் விழுந்தது. விழாததுபோல் கடதாசியை ஒட்டிவிட்டுக் குடையை விரித்தாள்.

அங்கம்மாவுக்கு ஒரே கணக்குத்தான். ஒரு மாதம் அடுப்பு எரியாவிட்டால் அறையை விட்டுவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் புசல்லாவைக்கே திரும்பிப்போய்க் கூடையை முதுகில் மாட்டவேண்டும். மகளின் படிப்பும் அதோடு சரி. வாடிக்கையாக வாங்கியவர்கள் சந்தியில் அவளைக் கண்டால் ரோட்டைக் கடந்து மறுபக்கம் போனார்கள். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை. நோயும் அவளுக்கு, பழியும் அவளுக்கு.

கலாராணி சும்மா இருக்கவில்லை. முப்பத்தொரு வீட்டுக்கும் சின்னச் சின்னப் போத்தல் கொடுத்து, மறுநாள் காலையில் தானே போய் வாங்கினாள். அதைக் கையில் கொடுக்க வெட்கப்பட்டவர்கள் செய்தித்தாளில் சுற்றி, ஷொப்பிங் பையில் போட்டு, பூச்சாடிக்குப் பின்னால் வைத்தார்கள். எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்றைக்கு மட்டும் பக்கத்து ஆசனத்துப் பெண்மணி, "பையில என்ன மிஸ், பலகாரமா?" என்று கேட்டாராம். கலாராணி உண்மையைச் சொன்னாள். பெண்மணி அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்.

ஆய்வுகூடத்தில் நஸீப் என்றொரு இளைஞன். பொறுமைசாலி. வழக்கமான சோதனையில் ஒன்றும் தெரியாமல் போக, மூன்று நாள் மினக்கெட்டு வேறொரு சாயம் போட்டுப் பார்த்து, நாலாம் நாள் கலாராணிக்குப் போன் எடுத்தான். அவள் வந்ததும் மைக்ரோஸ்கோப்பைக் காட்டினான்.

"இதுல கண்ண வெச்சுப் பாருங்க மிஸ். ரவுண்டா, செவப்பா ஈக்கிதே, அதுதான். சைக்ளோஸ்போரா. ஒட்டுண்ணி. மாத்திர ஈக்கி, கொடுத்தாச் சொகமாகும்."

கலாராணி பார்த்தாள். செந்நிறக் கடுகுபோல் நாலைந்து. "சமைக்கிற ஆள் கை கழுவாட்டி இது சோத்துல வருமா?" என்று கேட்டாள்.

"இல்ல மிஸ், அதுதான் இதுல விசேஷம். வெளிய வந்த ஒடனே இது யாருக்கும் தொத்தாது. ஈரத்துல ஒரு கெழம, ரெண்டு கெழம கெடந்து பழுக்கோணும். இன்டைக்கு ஒருத்தர்ட கையில பட்டது, இன்டைக்கே இன்னொருத்தருக்கு நோய் குடுக்காது. மண்ணு, தண்ணி, பச்ச எல. அங்க தேடுங்க. வேக வெச்சா செத்துப்போகும்."

கலாராணி அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நஸீப் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அங்கம்மா நோயைக் கொடுத்தவளில்லை, மற்றவர்களைப் போலவே எங்கிருந்தோ வாங்கியவள். அந்த ஒன்பது பேரும் கொப்பிக்குள் இருந்துகொண்டு அதைத்தான் சொன்னார்கள். கலாராணிக்கு வெட்கமாக இருந்தது. நோயைப் பற்றித் தெரியாமல் போனதற்கு இல்லை. பெட்டிசத்தின் கடைசி வரிக்குப் பயந்து கதவை மூடினாளே, அதற்கு.

பச்சை இலை என்றானே. ஆனால் ஒவ்வொரு நோயாளியிடமும் அவள் கேட்டு நிரப்பிய கேள்வித்தாளில் அதுவும் இருந்தது. "பச்சையாக மரக்கறி சாப்பிட்டீர்களா?" முப்பத்தொரு பேரும் இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். நடராஜா ஒருபடி மேலே போய், "நாங்க என்ன ஆடுமாடா பச்சையாத் திங்க?" என்று கேட்டிருந்தார். வாய் சொன்னது போதும் என்று கலாராணி கொப்பியை மூடினாள்.

மறுநாள் அங்கம்மாவின் கதவைத் தட்டினாள். தன் கையால் ஒட்டிய கடதாசி முகத்துக்கு நேரே இருந்தது.

"நான் அவசரப்பட்டுட்டேன் அக்கா. உங்க கையால வந்த நோய் இல்ல இது. ஆனா எங்க இருந்து வந்துச்சுன்னு காட்டாம இந்தக் கடதாசியக் கழட்டுனா, தன் ஆளுன்னு விட்டுட்டாங்கன்னு உங்களத்தான் பேசுவாங்க."

அங்கம்மா கதவை அகலத் திறந்துவிட்டாள். "இப்ப நான் என்ன செய்யணுங்க, மிஸ்?" என்றாள்.

"ஒரே ஒரு பார்சல் கட்டுங்க. வழக்கமாக் கட்டுற மாதிரியே. ஒண்ணும் கூட்டாம, ஒண்ணும் குறைக்காம. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

அங்கம்மா சந்திக்குப் போய்ச் சாமான் வாங்கிவந்தாள். ஒன்பது நாள் குளிர்ந்து கிடந்த அடுப்பு எரிந்தது. கலாராணி ஒரு மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, அங்கம்மாவின் கைகளை மட்டும் பார்த்தாள். லஞ்ச் ஷீட் விரிந்தது. சோறு. அதன்மேல் பருப்பு. ஒரு பக்கம் போஞ்சிக் கறி, ஒரு பக்கம் கருவாட்டுப் பொரியல். அங்கம்மா, வாங்கியவர்கள், கலாராணியின் கேள்வித்தாள் எல்லாருடைய பட்டியலும் இதோடு முடிகிறது. கையோ முடிக்கவில்லை. தானாகவே ஒரு சட்டிப் பக்கம் போய், நறுக்கிய வல்லாரையில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்ந்த சம்பலில் ஒரு கிள்ளு எடுத்து, சோற்றின் ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் பார்சலை மடித்தது.

"அது என்ன அக்கா?"

அங்கம்மா தன் கையையே ஒருதரம் பார்த்தாள். "இதா? இது சும்மா மிஸ். சோறு எறங்குறதுக்கு ஒரு கிள்ளு. இதக் கறின்னு யாரு சொல்லுவா?"

யாரும் சொல்லவில்லைதான். உப்பும் புளியும் போட்டுப் பிசைந்தபின் அதை யாரும் பச்சை என்றும் நினைக்கவில்லை. கலாராணி எழுந்து குடையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் நடந்த நடையை அம்பிட்டிய மேட்டுப் பாதைகள் மறக்காது. முப்பத்தொரு வீட்டுக்கும் மறுபடி போனாள். "வல்லாரைச் சம்பல் சாப்பிட்டீங்களா?" என்று நேரே கேட்டாள். இரண்டு பேருக்கு ஞாபகமில்லை. மிச்ச இருபத்தொன்பது பேரும் ஆமென்றார்கள். நடராஜா, "வல்லாரையா? அது இல்லாம எப்படிங்க சோறு எறங்கும்?" என்று கலாராணியையே திருப்பிக் கேட்டார். அந்த ஒன்பது பேரும் வீட்டில் தாங்களே சம்பல் செய்தவர்கள். அதோடு விட்டாளா? நோய் வராத நாற்பது வீட்டுக்கும் போய் அதே கேள்வியைக் கேட்டாள். நோய் வந்தவனை மட்டும் விசாரித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். நாற்பதில் ஆறு வீட்டில்தான் அந்த நாட்களில் வல்லாரை சாப்பிட்டிருந்தார்கள். நோய் வந்த வீடுகளில் சம்பல் செய்தவர்கள் எல்லோரும், அங்கம்மா உட்பட, வல்லாரைக் கட்டு வாங்கியது சந்தியில் இலைவகை விற்கும் ஒரே ஆளிடம். அவருக்கு அது வருவது ஹந்தானை அடிவாரத்துக் காளிமுத்துவின் பாத்தியிலிருந்து.

அந்த இடம் கலாராணி பிறந்த லயத்துக்கு நேர்கீழே. காளிமுத்து நேர்மையான கிழவர். ஓடைத் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டு, வாடாமல் இருக்கக் கட்டுகளையும் அதே தண்ணீரில் முக்கி எடுப்பார். "தண்ணியில என்ன புள்ள இருக்கு? மலத் தண்ணி தான" என்றார். கலாராணி றப்பர் சப்பாத்தோடு ஓடைக்குள் இறங்கி மேல்நோக்கி நடந்தாள். அட்டை கடித்ததைக் கவனிக்கவில்லை. முக்கால் மணிநேரம் ஏறியபின் ஒரு வளைவில் பற்றைக்குள் ஒரு குழாய் தெரிந்தது. மேலே புதிதாகக் கட்டிய ஒரு கெஸ்ட் ஹவுஸ். மழைக்குக் கக்கூஸ் குழி நிரம்பினால் மிச்சம் எங்கே போகவேண்டும் என்று யாரோ யோசித்து, ஓடைக்கே வழி செய்திருந்தார்கள். "மழக் காலத்துல மட்டுந்தாங்க" என்றார் அதன் முகாமையாளர், அது ஏதோ சலுகை என்பதுபோல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கலாராணி படம் எடுத்தாள், தண்ணீர் எடுத்தாள், காளிமுத்துவின் வல்லாரையில் பத்துக் கட்டு எடுத்தாள். இலை கழுவிய தண்ணீரில் நஸீப் ஆறு நாள் தேடினான். ஏழாம் நாள் போனில், "ரெண்டு கெடச்சது மிஸ். ரெண்டே ரெண்டு. ஆனா அதேதான்" என்றான். குழாய் அடைபட்டது, கெஸ்ட் ஹவுஸ்காரர் நீதிமன்றப் படி ஏறினார். காளிமுத்துவின் பாத்தியைப் பிடுங்கச் சொன்னவளும் கலாராணிதான். பிடுங்கச் சொன்னதோடு போய்விடாமல், ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்த ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரத் தோட்ட நிர்வாகத்திடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

மிச்சம் இருந்தது ஒரு கதவு.

தடையை நீக்கிய கடிதத்தில் டொக்டர் கையெழுத்து வைத்தார். "பியோனிடம் கொடுத்துவிடுங்கள், அவர் போய்க் கழற்றட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கலாராணி கடிதத்தை வாங்கிப் பையில் வைத்தாள். காலையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்தும் போகவில்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, சந்தி நிறையச் சனம் நிற்கும்போது போனாள். போய் முதலில் ஹார்ட்வெயார் கடை வாசலில் நின்றாள். பஸ்ஸில் கேட்கும் அதே சத்தத்தில் பேசினாள்.

"நடராஜா ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க. எல்லாரும் கேளுங்க. இந்த நோய் அங்கம்மா கையால வரல்ல. வல்லாரைக்குத் தண்ணி விட்ட ஓடையில இருந்து வந்துச்சு. அவங்களும் நம்மள மாதிரி அதச் சாப்பிட்டுத்தான் விழுந்தாங்க. அவங்க சமையலறையில ஒரு பிழையும் இல்ல. பிழை என்னோடது. அங்க சாப்பிடாத ஒன்பது பேருக்கும் நோய்னு தெரிஞ்சிருந்தும் நான் மூடுனேன்."

கராஜ்காரர்கள் கை துடைப்பதை நிறுத்தினார்கள்.

"அதோட ஐயா, உங்க பெட்டிசத்துல கடைசி வரி சரி. நான் பாரபட்சமாத்தான் நடந்தேன். ஆனா நீங்க நெனச்ச பக்கத்துக்கு இல்ல."

நடராஜாவுக்கு விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் நிலத்தைப் பார்த்தார். கலாராணி ரோட்டைக் கடந்து அங்கம்மாவின் கதவடிக்குப் போய்க் கடதாசியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். நுனி மட்டும் கிழிந்து கையோடு வந்தது. நகத்தால் சுரண்டினாள். ஒரு எழுத்து போனது, மற்றது போகவில்லை. மூன்று கிழமை வெயிலும் மழையும் பட்டு, அது மரத்தோடு மரமாகிவிட்டிருந்தது. பின்னால் முழுச் சந்தியும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து சுரண்டிக்கொண்டே இருந்தாள். கண் கலங்கியதைத் துடைக்கக் கை ஓயவில்லை.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. அங்கம்மா ஒரு கையில் கேத்தலும் மறு கையில் துணியுமாக வெளியே வந்தாள். கலாராணியின் விரல்களைத் தள்ளிவிட்டு, கடதாசியின் மேல் மெல்ல ஊற்றினாள்.

"சோத்துப் பசை அப்படி வராது புள்ள" என்றாள். "சுடுதண்ணி ஊத்தணும்."

இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைக் கழுவி எடுத்தார்கள்.